சபதமும் கஞ்சியும்: ஒரு போர்க்கதையைப் பெண்ணாக வாசித்தல்

போர்க்கலையைக் கற்பிப்பவர்கள் இப்போது கற்பனைக் கதைகளையும் பாடமாகப் படிக்கிறார்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கதையை வைத்து இன்றைய போர்களை விளக்கும் 'வின்னிங் வெஸ்டரோஸ்' என்ற கட்டுரைத் தொகுப்பு 2019இல் வெளிவந்தது. அதே ஆண்டு பிரான்ஸின் பாதுகாப்புத் துறை, வரப்போகும் போர்களைக் கற்பனை செய்து தருவதற்காகவே அறிவியல் புனைகதை எழுத்தாளர்களைச் சேர்த்து 'ரெட் டீம்' என்ற குழுவை அறிவித்தது. இந்தியத் தரைப்படை 2023இல் தொடங்கிய 'உத்பவ்' திட்டம் பழைய நூல்களிலிருந்து போர்ச் சிந்தனையைத் தேடுகிறது. அர்த்தசாஸ்திரத்தோடு திருக்குறளும் அந்த வரிசையில் இருக்கிறது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல், ஒற்றாடல், படைமாட்சி என்று அதிகாரத் தலைப்புகளை அடுக்கினாலே ஒரு படைப்பயிற்சிக் கல்லூரியின் பாடத்திட்டம் கண்முன் வந்துவிடும்.

வாசிக்கட்டும். இலக்கியம் நடத்திப் பிழைப்பவளுக்கு இதில் வருத்தமில்லை. எந்தப் பக்கங்களை அடிக்கோடிடுகிறார்கள், எந்தப் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. இதை வெஸ்டரோஸில் போய்த் தேட வேண்டியதில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துக் கதை ஒன்றே போதும்.

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சுக்குப் பயந்து சென்னையே காலியானதைப் பார்த்தவர்கள் அதன் முதல் வாசகர்கள். 1943இன் வங்கப் பஞ்சம் அவர்களுக்கு நேற்றைய செய்தி. கோட்டைக்குள் எத்தனை நாளுக்குத் தானியம் இருக்கிறது என்ற கேள்வி அந்த வாசகர்களுக்குச் சரித்திரமாக மட்டும் பட்டிருக்காது.

போர்த்தந்திரம் கற்க விரும்புகிறவர்களுக்கு இந்த நாவலில் நிறையவே இருக்கிறது. வலிமையான பகைவன் வடக்கே புறப்பட்டுவிட்டான். காஞ்சி இன்னும் ஆயத்தமாகவில்லை. மகேந்திர பல்லவர் செய்வதெல்லாம் காலத்தை வாங்குவதுதான். வஜ்ரபாகு என்ற மாறுவேடத்தில் போய், பரஞ்சோதி கொண்டுபோகும் ஓலையை மாற்றிவிடுகிறார். நேருக்கு நேர் மோதுவதைத் தள்ளிப்போடுகிறார். கடைசியில் கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு, முற்றுகையிட்டவனின் படை பசியால் தளரும் வரை காத்திருக்கிறார். உளவு, ஏமாற்று, தாமதம், உணவு வழங்கல் என்ற நான்கையும் கல்கி கதையாகவே நடத்திக்காட்டிவிடுகிறார். இந்த நாவலில் நல்ல வியூகம் யாருடையது என்று வகுப்பில் கேட்டால், யோசிக்காமல் மகேந்திரர் என்கிறார்கள்.

சரி, அடுத்து நடப்பதைப் பார்ப்போம். சமாதானமாகி, புலிகேசி காஞ்சிக்குள் விருந்தினனாக வருகிறான். அவனை எப்படியெல்லாம் ஏமாற்றினோம் என்பதை மகேந்திரர் அவனிடமே வெளிப்படுத்துகிறார். ஜெயித்த தந்திரத்தை மறைத்து வைத்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். அவமானப்பட்டுக் கோட்டையை விட்டு வெளியேறும் புலிகேசியின் கோபம் நாட்டுப்புறத்தின் மீது விழுகிறது. சிற்பிகளின் கைகால்கள் வெட்டப்படுகின்றன; பெண்கள் சிறைபிடிக்கப்படுகிறார்கள். கோட்டைக்குள் ஒருவர் பேசிய பெருமைக்கு விலையைக் கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள் கொடுத்தார்கள். வியூகம் கற்றுக்கொள்பவர்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் இது.

அந்த விலையில் ஒருத்தி சிவகாமி. வாதாபியில் அவளுக்கு நேர்வதை நாம் காலங்காலமாக அவமானம் என்றே படித்திருக்கிறோம். நாற்சந்தியில் தமிழ்க் கைதிகளைச் சாட்டையால் அடிக்கிறார்கள். அவள் ஆடினால் அடி நிற்கும். அவள் ஆடுகிறாள், அடி நிற்கிறது.

இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். படையில்லை, ஒற்றரில்லை, கோட்டையில்லை. கையிலிருக்கும் ஒரே பொருளை, தன் கலையை, வைத்துக்கொண்டு பகைவனோடு பேரம் பேசி, பேரத்தில் ஜெயித்து, உயிர்களை மீட்கிறாள் ஒரு பெண். நாவல் முழுவதிலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பேரைக் காப்பாற்றிய வியூகம் வேறில்லை. ஆனால் கதை அவளை அப்படிப் பார்க்க அனுமதிப்பதில்லை. ஆடியது களங்கமாகிறது. களங்கத்தைக் கழுவ நெருப்பு வேண்டியிருக்கிறது. மீட்டுப்போக மாமல்லர் மாறுவேடத்தில் வந்து நிற்கும்போதும் அவள் போக மறுக்கிறாள். வாதாபியை எரித்த பிறகே வருவேன் என்பது சபதம்.

போர்த்தந்திர அறிவோடே இந்தச் சபதத்தை எடைபோடலாம். ஒருத்தியை மீட்பது இரவோடிரவாக நான்கு பேர் முடித்துவிடக்கூடிய காரியம். சபதம் அதை ஒரு நகரத்தை அழிக்கும் காரியமாக்குகிறது. போரின் நோக்கம் அரசியலாக இருந்தால் எங்காவது ஓரிடத்தில் நிறுத்தலாம்: எல்லை இதுவரை, கப்பம் இவ்வளவு என்று பேசி முடிக்கலாம். சபதத்தில் பேச்சுக்கு இடமில்லை. எரியாத நகரம் தோல்வியாகவே கருதப்படும். தன் கையைத் தானே கட்டிக்கொண்டு போருக்குப் போவது இது.

இத்தனைக்கும் அந்தக் கட்டைப் போட்டது யார்? சரித்திரத்தில் சிவகாமி கிடையாது. நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தது 642ஆம் ஆண்டு வாக்கில் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. கூரம் செப்பேடு பரியலம், மணிமங்கலம், சூரமாரம் என்று போர்க்களங்களைப் பெயர் சொல்கிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாக்கி வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்று மன்னனைப் புகழ்கிறது. அந்தப் போருக்குக் காரணம் சொல்ல அங்கே ஒரு பெண் தேவைப்படவில்லை. மண், தந்தை காலத்துப் பகை, கொள்ளைப் பொருள் என்று அரசர்களுக்கு எப்போதும் இருந்த காரணங்கள் இருந்தன. தாம்பரத்துக்குப் பக்கத்து மணிமங்கலத்தில் விழுந்தவர்கள் எந்த நாட்டியப் பெண்ணுக்காகவும் விழவில்லை. இருபதாம் நூற்றாண்டு நாவல்தான் அரசனின் மானத்தைப் பெண்ணின் ஆசையாக எழுதி, நெருப்பை அவள் கையில் கொடுத்தது. இறுதியில் வெற்றி பெற்ற காஞ்சியில் அவளுக்கு இடமில்லை. மாமல்லருக்கு மனைவியும் மக்களும் இருக்கிறார்கள். சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து ஆடுகிறாள்.

புனைவு போருக்குக் கற்றுக்கொடுத்த ஆகப் பெரிய தந்திரம் இதுதான் என்று நினைக்கிறேன்: போரைப் பெண்ணின் பெயரில் எழுதுவது. அது கதையோடு நின்றுவிடவில்லை. 2001 நவம்பரில், அமெரிக்கப் படை ஆப்கானிஸ்தானில் இறங்கிய பிறகு, அதிபரின் மனைவி லாரா புஷ் வானொலியில் பேசினார். பயங்கரவாதத்துக்கு எதிரான போர் பெண்களின் உரிமைக்கான போரும்கூட என்பது அந்த உரையின் சாரம். இருபது ஆண்டுகள் கழித்து 2021இல் அந்தப் படை வெளியேறியபோது, யாருடைய பெயரால் போனார்களோ அந்தப் பெண்கள் அங்கேயே, தாலிபான்களின் ஆட்சியில் இருந்தார்கள்.

நம் வீட்டுக்கு அருகிலும் நடந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொடூரத்துக்கு எந்தச் சாக்கும் கிடையாது. மே 7 அன்று இந்தியா நடத்திய தாக்குதலுக்குச் 'சிந்தூர்' என்று பெயரிடப்பட்டது. கணவனை இழந்தவளின் நெற்றி ஒரு படை நடவடிக்கையின் பெயரானது. ஊடகங்களின் முன் விளக்கமளிக்க இரண்டு பெண் அதிகாரிகள் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. பெயரையும் முகத்தையும் தேர்ந்தெடுத்த கதையறிவைத்தான் பேசுகிறேன். அதே நாட்களில், கணவரைப் பறிகொடுத்த ஒரு பெண், இஸ்லாமியர்கள் மீதும் காஷ்மீரிகள் மீதும் வெறுப்பைக் காட்டாதீர்கள் என்று வேண்டிக்கொண்டார். சமூக ஊடகங்களில் அவருக்குக் கிடைத்தது வசை. சபதம் எடுக்க மறுக்கும் சிவகாமியைக் கதைக்குப் பிடிப்பதில்லை.

போர் முடிந்த பின் தளபதியின் வீட்டில் என்ன நடக்கிறது என்பதற்கும் நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. வாதாபியை அழித்த பரஞ்சோதிதான் பெரியபுராணத்தின் சிறுத்தொண்டர். படைத்தொழிலை விட்டுத் திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பியவரிடம் பைரவ வேடத்தில் வந்த சிவனடியார் பிள்ளைக்கறி கேட்கிறார். தந்தை அரிகிறார், தாய் திருவெண்காட்டு நங்கை குழந்தையின் கால்களைப் பிடித்துக்கொள்கிறாள், பணிப்பெண் சந்தனத்தாதியார் தலையைத் தனியே எடுத்துச் சமைக்கிறாள். பக்தியின் உச்சம் என்று இதைப் படிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. ஆணை வந்தால் வாளெடுக்கப் பழகிய கை, வீட்டுக்குள்ளும் அதே கைதானே என்று கேட்காமல் என்னால் கடந்துபோக முடியவில்லை. கடைசியில் பிள்ளை உயிரோடு வந்துவிடுகிறான். அற்புதம் கதையில்தான் நடக்கும். வாதாபியில் யாரும் எழுந்து வரவில்லை.

எல்லாப் போர்க்கதையும் சமையலறையில் வந்து முடிவதைக் கவனித்திருக்கிறீர்களா? கலிங்கத்துப்பரணியில் போர் ஓய்ந்ததும் பேய்கள் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சுகின்றன. வீரத்தைப் பாட வந்த நூல், அதன் மிச்சம் இன்னது என்று ஒரு கூழ்ப்பானையைக் காட்டிவிடுகிறது. அதற்கு நேர் எதிரான பானை ஒன்றும் நம்மிடம் உண்டு. மழை பொய்த்துப் பஞ்சம் சூழ்ந்த காஞ்சிக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் என்பது சுத்தமான கற்பனை. ஆனால் அந்தக் கற்பனைதான் போர்த்தந்திரத்தின் ஆதிக் கேள்வியைக் கேட்கிறது: சனங்களுக்குச் சோறு எங்கிருந்து வரும்? மகேந்திரரும் அதைக் கேட்டார், பகைவனைப் பட்டினி போடுவதற்காக. மணிமேகலை பட்டினியைப் போக்குவதற்காகக் கேட்டாள்.

இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் சுருங்கிக்கொண்டே போன கடற்கரைத் துண்டில் அடைபட்ட மக்களை உயிரோடு வைத்திருந்தது கஞ்சி. ஒவ்வொரு மே மாதமும் ஈழத்தமிழர்கள் அதே கஞ்சியைக் காய்ச்சிப் பகிர்ந்து நினைவுகூர்கிறார்கள். அந்தப் போரைப் பற்றிய படைத்துறை ஆய்வுகள் கடற்படையை, விநியோகத் தடையை, முன்னேறிய பிரிவுகளைக் கணக்கிடும். குண்டுக்கு நடுவே பானையை இறக்கி வைத்தவளின் கணக்கு அந்தக் கஞ்சியில்தான் இருக்கிறது.

பெண்ணைப் போரின் காரணமாகவும் பலியாகவும் மட்டும் வைப்பதுதான் நம் மரபு என்றும் சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 95ஆம் பாடலில் அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போகிறார் ஔவையார். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி, பீலி சூட்டி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வது போலச் சொல்லி, யார் போர் பார்த்தவன் என்பதை உணர்த்திவிடுகிறார். ஒரு பெண், ஒரு பேச்சு, படை நகரவில்லை. இன்று மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுசக்தி வளாகம் இருக்கிறது. நீர்மூழ்கிக் கப்பலுக்கான அணு உலையின் மாதிரி அங்கே இயங்குவது 2009இல் வெளியே சொல்லப்பட்டது. பீலி கலையாமலே இருக்க வேண்டிய ஆயுதங்களின் காலம் நம்முடையது. இந்தக் கடற்கரைக்கு ஔவையின் தூது முன்னெப்போதையும்விட இப்போதுதான் தேவை.

ஆகவே படைப்பயிற்சிக் கல்லூரிகள் நம் கதைகளைப் படிக்கட்டும். ஓலை மாறிய அத்தியாயத்தோடு நாற்சந்தி அத்தியாயத்தையும் படிக்கட்டும். அங்கே சாட்டை நின்றது எதனால் என்று மாணவர்களைக் கேட்கட்டும். நாமும் அடுத்த முறை ஒரு போர் பெண்ணின் பெயரோடு வரும்போது, அந்தப் பெயரை வைக்கச் சொல்லி அவள் கேட்டாளா என்று விசாரிப்போம்.