வினாத்தாளின் ஆதிக்கம்

கற்பித்தலின் நோக்கம் ஒன்றாகவும் பரீட்சை கோருவது வேறொன்றாகவும் இருக்குமாயின், மாணவர் பரீட்சையின் பின்னேயே செல்வர். இதற்கு வரலாறு சான்று பகரும். 1921 இல் கொழும்பில் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்படும்வரை, இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பரீட்சைகளுக்கே மாணவரைத் தயார்செய்தது. இந்நாட்டு மாணவர் கற்கவேண்டியதைக் கடல்கடந்து வந்த வினாத்தாளே தீர்மானித்தது.

இன்று வினாத்தாள் இங்கேயே ஆக்கப்படுகிறது; அதன் ஆதிக்கமோ நீங்கவில்லை. நோக்கமும் கற்பித்தலும் மதிப்பீடும் தம்முள் இசையவேண்டுமென 1996 இல் ஜோன் பிக்ஸ் வற்புறுத்தினார். நம்மிடையேயோ, விமர்சன நோக்கை வளர்ப்பதாகப் பாடவிதானம் பறைசாற்ற, விரிவுரைக் குறிப்பை ஒப்புவிப்போருக்கே பெரும்பாலும் புள்ளிகள் குவிகின்றன. குறிப்புகளை விலைகொடுத்து வாங்க வசதியுடையோருக்கே இது வாய்ப்பாகும்.

இலக்கிய மாணவருக்கு அவர் முன் கண்டிராத சிறுகதையொன்றைக் கொடுத்து மதிப்பிடச் செய்தாலென்ன? அத்தகைய விடைகளைத் திருத்துவதிற் பாரபட்சம் நுழையும் என்பர் சிலர். வழக்கமான கட்டுரை வினாவிலும் அது நுழையவே செய்கிறது. எதற்கு எத்தனை புள்ளி என்பதை முன்னரே அறிவித்து, இருவர் தனித்தனியே திருத்தின் அது குறையும். உழைப்பு மிகும் என்பது உண்மையே. எனினும், மக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் உயர்கல்வி சிந்திக்கும் பட்டதாரிகளை மக்களுக்குத் தரவேண்டுமாயின், சிந்தனைக்கே புள்ளி வழங்கவேண்டும் என்போம்.