விர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டின் வலையமைப்புப் பகுதி: ஒரு மதிப்பாய்வு

விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே இயக்கும் கருவி. இன்னோடெக் என்ற ஜெர்மானிய நிறுவனம் இதை 2007 ஜனவரியில் வெளியிட்டது. 2008இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2010இல் சன் நிறுவனமே ஆரக்கிளின் கைக்குப் போனது. அடிப்படைப் பொதி கட்டற்ற மென்பொருளாகக் கிடைப்பதால், லினக்ஸ் கற்க விரும்புவோர் பலர் முதலில் நிறுவுவது இதைத்தான். தாங்கி நிற்கும் கணினியை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியை கெஸ்ட் என்றும் சொல்வது வழக்கம்.

கெஸ்டை நிறுவுவது பெரும்பாலும் எளிதாகவே முடிந்துவிடும். கற்பவர் தடுமாறும் இடம் அடுத்தது: கெஸ்டின் வலையமைப்பு அட்டை. அங்கே அவருக்கு அதிகாரப்பூர்வமான துணை, கருவியுடன் வரும் பயனர் கையேடு. 6, 7.0 பதிப்புகளின் கையேட்டில் ஆறாம் அத்தியாயம் முழுவதும் வலையமைப்பைப் பற்றியது. ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தனியே படிப்பவருக்கு அந்த அத்தியாயம் எவ்வளவு உதவுகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அட்டவணையின் சிறப்பு

அத்தியாயத்தின் மிகச் சிறந்த பகுதி, தொடக்கத்திலுள்ள சிறிய அட்டவணை. நேட், நேட் நெட்வொர்க், பிரிட்ஜ்டு, இன்டர்னல், ஹோஸ்ட்-ஒன்லி ஆகிய முறைகள் ஒருபுறம். கெஸ்டிலிருந்து ஹோஸ்டுக்கு, ஹோஸ்டிலிருந்து கெஸ்டுக்கு, கெஸ்டுகளுக்கு இடையே, கெஸ்டிலிருந்து வெளியே, வெளியிலிருந்து கெஸ்டுக்கு என்ற ஐந்து திசைகள் மறுபுறம். எந்த முறையில் எந்த வழி திறந்திருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காணலாம். "நெட் வரவில்லை" என்று சொல்பவரிடம் நாம் முதலில் கேட்கவேண்டியதும் இதுவே: யாரிடமிருந்து யாருக்கு வரவில்லை?

ஹோஸ்ட்-ஒன்லி பகுதியும் பாராட்டுக்குரியது. 6.1.28 பதிப்பு முதல் லினக்ஸ், மேக் ஹோஸ்டுகளில் 192.168.56.0/21 என்ற எல்லைக்குள் அடங்கும் முகவரிகளே இயல்பாக அனுமதிக்கப்படுகின்றன. பழைய பாடக்குறிப்புகளைப் பார்த்து வேறு முகவரி கொடுப்பவருக்குப் பிழைச்செய்தி வரும். அதன் காரணத்தையும், விதிவிலக்கு எழுதவேண்டிய கோப்பையும் கையேடு உரிய இடத்திலேயே சொல்லிவிடுகிறது.

சிதறிக் கிடக்கும் செய்திகள்

எல்லாப் பகுதிகளும் இப்படி அமையவில்லை. புதிய கெஸ்ட் ஒவ்வொன்றும் இயல்பாக நேட் முறையில்தான் தொடங்குகிறது. ஆகவே கற்பவர் முதலில் அறியவேண்டியது, நேட் முறையில் சரியாக இயங்கும் கெஸ்டில் என்னென்ன எண்கள் தென்படவேண்டும் என்பது. முகவரி 10.0.2.15, கேட்வே 10.0.2.2, பெயர்களை எண்களாக்கித் தரும் டிஎன்எஸ் 10.0.2.3. இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பத்தி ஆறாம் அத்தியாயத்தில் இல்லை. ஒன்பதாம் அத்தியாயத்தில், மேம்பட்ட பயனர்களுக்கான நுண்ணமைப்புகளுக்கு நடுவே இருக்கிறது.

இதனால் வரும் குழப்பத்துக்கு ஒரு சான்று. இரண்டு கெஸ்டுகளை நேட் முறையில் ஓட்டி, இரண்டிலும் முகவரியைப் பார்த்தால் இரண்டும் 10.0.2.15 என்றே காட்டும். புதியவர் இதை முகவரி மோதல் என்று எண்ணித் திருத்த முயல்வார். உண்மையில் இது பிழையே அன்று. ஒவ்வொரு கெஸ்டுக்கும் முன்னால் தனித்தனி நேட் அமைப்பு நிற்கிறது. அவை ஒன்றையொன்று அறியா. இரு தெருக்களிலும் ஐந்தாம் எண் வீடு இருப்பதுபோலத்தான் இது. கெஸ்டுகள் தமக்குள் பேசவேண்டுமானால் நேட் நெட்வொர்க் என்ற வேறு முறை வேண்டும். அட்டவணையில் ஒரு சிறு கோடு இதைக் குறிக்கிறது. பெயரில் ஒரு சொல் மட்டுமே வேறுபடும் இவ்விரு முறைகளுக்கும் கூடுதல் விளக்கம் தேவை.

இன்னும் சில செய்திகள் வேறிடங்களில் இருக்கின்றன. விண்டோஸ் விஸ்டா முதல் ஏஎம்டி பிசிநெட் அட்டைக்கான ஆதரவு நீக்கப்பட்டதால், அந்த அட்டை வகையைத் தேர்ந்த கெஸ்டில் வலையமைப்பே தோன்றாது. இது பன்னிரண்டாம் அத்தியாயத்தில். நகலெடுத்த கெஸ்டுக்குப் புதிய மேக் முகவரி தருவது முதல் அத்தியாயத்தில். ஒரே சிக்கலுக்கு நான்கு அத்தியாயங்களைப் புரட்டவேண்டியிருக்கிறது.

பிரிட்ஜ்டு என்னும் குறுக்குவழி

கையேட்டில் வழி தெரியாதவர் அனுபவசாலியிடம் கேட்கிறார். "பிரிட்ஜ்டுக்கு மாற்று" என்ற பதில் வருகிறது. சில வேளை உடனே வேலை செய்கிறது. ஆனால் என்ன கோளாறு இருந்தது என்பது தெரியாமலே போகிறது.

பிரிட்ஜ்டு முறையில் கெஸ்ட் நேரடியாக வீட்டு அல்லது கல்லூரி வலையமைப்பில் ஒரு தனிக் கணினியாக நிற்கும். கம்பி இணைப்பில் இது இயல்பாக நடக்கும். வைஃபையில் அப்படியல்ல. பெரும்பாலான வைஃபை அட்டைகள் பிறர் மேக் முகவரியில் பேச இடம்தராததால், விர்ச்சுவல்பாக்ஸ் ஒவ்வொரு பொதியிலும் கெஸ்டின் மேக் முகவரியை நீக்கி ஹோஸ்டின் முகவரியை இடுகிறது. கையேடு இதை நேர்மையாகச் சொல்கிறது. வீட்டில் இயங்கிய பிரிட்ஜ்டு கல்லூரி வைஃபையில் முகவரி பெறாமல் நின்றால் இதையும் ஐயப்படவேண்டும்.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய கவலை. மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2 போன்ற கெஸ்டுகள், பயிற்சிக்காகவே ஓட்டைகளுடன் உருவாக்கப்பட்டவை. "நெட் வரவில்லை" என்று அதை பிரிட்ஜ்டுக்கு மாற்றும் மாணவர், அத்தனை ஓட்டைகளையும் வீட்டு வலையமைப்பில் திறந்து வைக்கிறார். அதற்குரிய இடம் ஹோஸ்ட்-ஒன்லி அல்லது இன்டர்னல். அங்கே இணையம் வராமலிருப்பதே சரியான நிலை.

கெஸ்டுக்குள் இருக்கும் கோளாறுகள்

ஆறாம் அத்தியாயம் அட்டையை மாட்டித் தருவதோடு நின்றுவிடுகிறது. கெஸ்டின் இயங்குதளத்துக்குள் இறங்குவதில்லை. ஆனால் பாதிக் கதை அங்கேதான். உபுண்டு சர்வரை ஒரே அட்டையுடன் நிறுவிவிட்டு, பிறகு இரண்டாவது அட்டையைச் சேர்த்தால், இஎன்பி0எஸ்8 என்ற அந்த அட்டை கண்ணுக்குத் தெரியும்; ஆனால் முகவரி இருக்காது. நெட்பிளான் கோப்பில் அதன் பெயரை நாம்தான் எழுதவேண்டும். நகலெடுத்த கெஸ்டுகளுக்கு மேக் முகவரியை மாற்றிய பிறகும் ஒரே ஐபி முகவரி வந்தால், இரண்டின் மெஷின்-ஐடி கோப்பும் ஒன்றாக இருக்கக்கூடும். சிஸ்டம்டி வலையமைப்புச் சேவை, டிஎச்சிபி கேட்கும்போது இயல்பாக அந்த எண்ணிலிருந்து பெற்ற அடையாளத்தையே காட்டுகிறது.

இவற்றை எல்லாம் விளக்குவது விர்ச்சுவல்பாக்ஸ் கையேட்டின் கடமை அல்ல என்று வாதிடலாம். அது நியாயமே. ஆயினும் "இதுவரை எங்கள் பொறுப்பு, இனி கெஸ்டுக்குள் பாருங்கள்" என்று எல்லை காட்டும் ஒரு பத்தி இருந்தால் படிப்பவர் தவறான இடத்தில் தேடமாட்டார்.

எந்த வரிசையில் பார்ப்பது

கையேட்டில் இருந்திருக்கவேண்டிய வரிசை இது. நேட் முறையில் இருக்கும் கெஸ்டுக்கு எழுதப்பட்டது.

1. அமைப்புகளில் அட்டை இயக்கப்பட்டுள்ளதா, "கேபிள் கனெக்டட்" பெட்டியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.
2. கெஸ்டுக்குள் அட்டை தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அட்டை வகையையோ டிரைவரையோ ஐயப்படுங்கள்.
3. முகவரி 10.0.2.15 ஆக இருக்கிறதா? விண்டோஸில் 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை.
4. 10.0.2.2க்கு பிங் செய்யுங்கள். பதில் வந்தால் கெஸ்டுக்கும் நேட் அமைப்புக்கும் இடையே வழி சரி.
5. வெளியிலுள்ள ஓர் எண் முகவரியையும், பிறகு ஒரு பெயரையும் முயலுங்கள். எண் வேலை செய்து பெயர் மட்டும் தவறினால் கோளாறு டிஎன்எஸ்ஸில்.
6. வெளியிலிருந்து உள்ளே வரமுடியவில்லை என்றால், அது நேட்டின் இயல்பு. போர்ட் ஃபார்வர்டிங் அமைத்த பிறகும் வராவிட்டால் கெஸ்டின் ஃபயர்வாலைப் பாருங்கள்.

ஒவ்வொரு படியிலும் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிவிட்டு இணைப்பு வந்துவிட்டால், எது மருந்து என்று தெரியாது.

மதிப்பீடு

இந்தக் கையேடு சொல்வது சரியானது. அடுக்கியுள்ள முறைதான் கற்பவருக்கு ஒத்துவரவில்லை. அது முறைகளின் பெயரை வைத்துப் பாடத்தைப் பிரிக்கிறது. படிப்பவரோ தம் முன்னால் தெரியும் அறிகுறியுடன் வருகிறார். அகராதியில் சொல்லைத் தேடச் சொல்லின் எழுத்தாவது தெரிந்திருக்கவேண்டும். இங்கே தேடுபவருக்கு அந்தச் சொல்லே தெரியாது.

இதன் விலையைக் கொடுப்பவர் தனியே கற்பவர். சரியாக இயங்கும் அமைப்பைப் பழுதென்று எண்ணி, மூன்று முறை மீண்டும் நிறுவிப் பார்த்து, "இது நமக்கு வராது" என்று மூடிவைத்துவிடுகிறார். அவருக்கு இல்லாமற்போனது அறிவு அன்று, 10.0.2.15 என்ற எண் சரியான விடை என்று சொல்லும் ஒரு வரி. தமிழில் இதற்குப் பாடம் எழுத முன்வருவோர் கையேட்டை அப்படியே மொழிபெயர்க்காமல், அந்த வரியிலிருந்து தொடங்குவது நல்லது.