யோனாவின் மீனும் நம் குழந்தைகளும்

ஆரணியில், தறியின் ஓசையில் வளரும் நம் வீட்டுக் குழந்தைக்குத் திமிங்கலம் முதலில் அறிமுகமாவது கடற்கரையில் அன்று. மறைக்கல்வி வகுப்பில், யோனாவின் கதையில். அக்கதையை நாம் சொல்லும் விதத்தைச் சற்று ஆராய்வது நலம்.

சிறுவர் விவிலியக் கதைநூல்கள் பலவற்றிலும் ஏறக்குறைய ஒரே படம்: அகன்ற வாய், வரிசைப் பற்கள், அலறும் மனிதர். யோனா நூலோ 'பெரிய மீன்' என்றே கூறுகிறது. அதைத் திமிங்கலமாக்கியவர்கள் பின்வந்தோர். (பினோக்கியோவுக்கும் இக்கதிதான். கொலோடியின் மூலக்கதையில் வந்த சுறா, டிஸ்னியின் 1940ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் திமிங்கலமாயிற்று.) உண்மையில், உலகின் மிகப் பெரிய விலங்காகிய நீலத் திமிங்கலத்துக்குப் பற்களே இல்லை. இறாலை ஒத்த சிற்றுயிர்களை வடித்து உண்டு, குட்டி ஈன்று பாலூட்டும் உயிர் அது.

பல்லைப் பொறுத்துக்கொள்ளலாம். மீன் யோனாவைக் கரையில் கக்கியதுமே கதையை முடித்துவிடுவதைப் பொறுப்பது அரிது. நூலில் அந்த மீன் அரக்கன் அன்று. மூழ்க இருந்தவரைக் காத்தது. இறைவாக்கினர் கீழ்ப்படியாமல் ஓடியபோது மீன் கீழ்ப்படிந்தது. நான்காம் அதிகாரத்தில் ஆமணக்குச் செடியை அரிக்கும் புழுவும் கீழ்ப்படிகிறது. புழு தந்த நூலால் பிழைக்கும் ஊரில் அந்தப் பகுதியை விட்டுவிடலாமா? நினிவேயின் 1,20,000 மக்களுக்காக மட்டுமன்றி, அங்குள்ள விலங்குகளுக்காகவும் இரங்கும் ஆண்டவரின் கேள்வியோடு நூல் முடிகிறது. எபிரேய மூலத்தின் கடைசிச் சொற்களே விலங்குகளைப் பற்றியவைதாம். நாம் வெட்டி எறிவது அவற்றைத்தான்.

ஒரு ஞாயிறன்று கதையை முழுமையாகச் சொன்னேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்தாள். "கரைக்கு வந்த மீன் திரும்பிப் போயிடுச்சா சார்?"

விவிலியத்தில் அதற்கு விடை இல்லை. ஆகவே மணப்பாட்டைச் சொன்னேன். புனித சவேரியாரின் குகையும் திருச்சிலுவை ஆலயமும் உள்ள அதே மணப்பாடு. 2016 ஜனவரியில் அதை ஒட்டிய திருச்செந்தூர்க் கடற்கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மீனவர்கள் அவற்றை ஆழத்துக்குத் தள்ளிவிட்டனர். பல மீண்டும் கரைக்கே வந்தன. 40க்கும் மேற்பட்டவை மாண்டன. 1973 ஜனவரியிலும் அப்பகுதியில் 147 ஒதுங்கியிருந்தன.

"தள்ளிவிட்ட பிறகும் ஏன் வந்துச்சு?" என்றாள். கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம் அது. ஒன்று கரையில் தவித்தால் மற்றவையும் அதனருகே வருவதுண்டு என்றேன். வகுப்பு அமைதியாயிற்று. வேட்டையைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைச் சொல்ல நினைத்திருந்தேன்; அன்று அது தேவைப்படவில்லை.

யோனா கதைக்குப் புதிதாகப் படம் வரையும் ஓவியருக்கு ஒரு விண்ணப்பம். பற்களை விட்டுவிடுங்கள். கடைசிப் பக்கத்தில், இடுப்பளவு நீரில் நின்று ஒரு திமிங்கலத்தைக் கடலுக்குள் தள்ளும் மீனவர்களை வரையுங்கள்.