கனகத்தின் அலறல்

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966ஆம் ஆண்டு ஆனந்த விகடனில் வெளிவந்தபோது எழுந்த கண்டனங்கள் பெரும்பாலும் கற்பு என்ற ஒரு சொல்லையே சுற்றி நின்றன. மழை நாளில் அந்நியன் ஒருவனின் காரில் ஏறிச் சீரழிந்து திரும்பும் மாணவியைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொள்கிறாள். பின்னர் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஆசிரியர் அதே மாலைப் பொழுதை வேறுவிதமாக எழுதிப் பார்த்தார். இங்கே தாய் கனகம் ஊர் கேட்க அலறுகிறாள். அண்ணன் கங்காவை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறான். நிகழ்ந்தது ஒன்றே, கேட்ட செவிகள்தாம் வேறு.

கங்கா கல்லூரி மாணவி, குழந்தையல்லள். ஆயினும் சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளானோரைப் பற்றி உளவியலார் பின்னாளில் சொன்னதை இந்நாவலில் காண்கிறோம். டேவிட் ஃபிங்கெல்ஹோர், ஆஞ்செலா பிரௌன் ஆகியோர் 1985இல் அந்த மனக்காயத்துக்கு நான்கு காரணங்களைக் கூறினர்: பருவத்திற்கு முன்னரே பாலுணர்வு திரிக்கப்படுதல், நம்பியவர் செய்யும் துரோகம், எதிர்க்கவியலா நிலை, களங்க உணர்வு. களங்கத்தைச் சுமத்துவோன் குற்றவாளி மட்டுமல்லன். செய்தி அறிந்தவர்களும் சேர்ந்தே சுமத்துகின்றனர். கனகத்தின் அலறல் அத்தகையது.

துரோகத்துக்கு வெங்கு மாமா இருக்கிறார். ஆதரித்துப் படிக்கவைத்த அவரே பாசத்தின் பெயரால் கங்காவைத் தீண்டுகிறார். நீ எவனுக்கும் மனைவியாக முடியாது, வைப்பாகத்தான் முடியும் என்று தீர்ப்பும் சொல்கிறார். நாவலின் கொடியவன் பிரபு அல்லன், இவரே என்பது நம் கருத்து. சோறிடும் கையே தீண்டும் கையானால் பிள்ளை யாரிடம் ஓடும்?

இது வெறும் கற்பனையன்று என்பதைத் திருச்சிப் பகுதியினர் நன்கறிவோம். விராலிமலையை அடுத்த பாத்திமா நகரில் பிரேமானந்தா நடத்திய ஆசிரமத்தின் கொடுமைகள் 1994இல் வெளிவந்தன. 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காகவும் ஒரு கொலைக்காகவும் புதுக்கோட்டை நீதிமன்றம் 1997இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உச்ச நீதிமன்றம் 2005இல் அதனை உறுதிசெய்தது. இலங்கையிலிருந்து வந்த ஆதரவற்ற சிறுமியர் அங்கு வளர்ந்தனர். உணவும் கல்வியும் தெய்வமும் ஒரே மனிதரிடமிருந்து வரும் இடத்தில் வாய் திறப்பது அனைத்தையும் இழப்பதாகும். நம் திருச்சபையின் பிள்ளைகள் இல்லங்களில் நிகழ்ந்தவற்றை அயர்லாந்தின் 2009ஆம் ஆண்டு விசாரணை அறிக்கை விரித்துரைத்த பின், இவ்வழக்கைப் பிறர் வழக்காகப் படிக்க நமக்கு உரிமையில்லை.

நடுவண் அரசு 2007இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்குள்ளான பிள்ளைகளில் மிகப் பலர் எவரிடமும் சொல்லவில்லை எனத் தெரிந்தது. திருவரங்கத்து அக்கிரகாரமாயினும் பாலக்கரைக் கிறிஸ்தவத் தெருவாயினும், ‘வெளியே தெரிந்தால்...’ என்ற அச்சம் ஒன்றுதானே!

ஜெயகாந்தனுடன் நாம் மாறுபடும் இடமும் உண்டு. ‘அக்கினிப் பிரவேச’த் தாய் அன்பின் வடிவமே. எனினும் அவள் ஊற்றும் நீர், கழுவ வேண்டிய அழுக்கொன்று இருந்ததென ஒப்புக்கொள்கிறது. கி.பி. 410இல் உரோமை சூறையாடப்பட்டபோது மானபங்கமுற்ற பெண்களைக் குறித்துப் புனித அகுஸ்தினார் ‘கடவுளின் நகர’த்தின் முதற்பகுதியிலேயே எழுதினார்: உள்ளம் இசையாதபோது பிறன் செய்த வன்முறை கற்பை அழிப்பதில்லை. அவர் அத்தாயின் குடத்தைக் கீழே வைக்கச் சொல்லியிருப்பார். குழந்தைகளைப் பொறுத்தவரை, இசைந்தாரா என்ற கேள்விக்கே 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிப்பதில்லை. தன்மீதும் பிழையுண்டோ என்று ஆண்டுக்கணக்கில் மனத்துள் வெதும்புவோர் இதை அறிந்திருத்தல் நன்று.

நம் மறையுரைகளோ, 1902இல் கொல்லப்பட்ட பதினொரு வயதுப் புனித மரிய கொரற்றியைப் பாவத்தைவிடச் சாவைத் தேர்ந்தவள் என்றே பெரிதும் புகழ்ந்துவந்துள்ளன. சாகாமல் பிழைத்த சிறுமி ஒருத்தி அதே கோவிலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், அவள் தன்னை யாரென்று எண்ணிக்கொள்வாள்?