எழினியும் யாழும்

இசை செவிக்கு உரியது, கூத்துக் கண்ணுக்கு உரியது என்று பிரித்துரைப்பது பொதுவழக்கு. ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரமும் (1917) விபுலானந்த அடிகளின் யாழ்நூலும் (1947) சிலப்பதிகாரம் கூறும் பண், பாலை, நரம்பு ஆகியவற்றை நுணுகி ஆராய்ந்து தமிழிசைக்கு வழி வகுத்தன. அவை செவிப்புலனைப் பற்றிய ஆராய்ச்சிகள். பாடுவோரையும் பாடும் இடத்தையும் கண்டு நிற்கும் கண், இசை நுகர்ச்சியை யாங்ஙனம் மாற்றுகின்றது என்பது தனியே ஆராய்தற்குரியது. இவ்வினாவிற்கு இளங்கோவடிகள் காப்பியத்துள்ளேயே விடை வைத்துள்ளார் என்பதும், கோவலன் மாதவி பிரிவினை விளங்கிக்கொள்ள அவ்விடை இன்றியமையாதது என்பதும் எம் கருத்து.

இசை நுகர்ச்சியில் கண்ணுக்குப் பங்குண்டு என்பதை அண்மைக்கால ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. மரத்துண்டுகளைக் கோலால் தட்டி இசைக்கும் மரிம்பா என்னும் கருவியைக் கொண்டு ஷுட்ஸ், லிப்ஸ்கோம் என்னும் இருவர் நிகழ்த்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கலைஞர் கையை நீள வீசித் தட்டும் காட்சியைக் கண்டவர்கள் ஒலியை நெடியதாகக் கேட்டனர். குறுக வீசும் காட்சியைக் கண்டவர்கள் குறியதாகக் கேட்டனர். ஒலியிலோ அளவு வேறுபாடு இல்லை. இசைப் போட்டிகளில் வென்றவர் யாவர் என்பதை, ஒலி நீக்கிய படக்காட்சியை மட்டும் கண்டோர், ஒலியை மட்டும் கேட்டோரினும் மிகுதியாக உய்த்துணர்ந்தனர் என்று சாய் என்பவரின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. இசை வல்லாரும் இதற்கு விலக்கல்லர். இவற்றால் கண்ணின் ஆற்றல் பெறப்படும். அவ்வாற்றல் எப்பொழுது இசைக்குத் துணையாகும், எப்பொழுது கேடு செய்யும் என்பதற்குச் சிலப்பதிகாரம் இரண்டு காட்சிகளை எதிரெதிரே வைக்கின்றது.

முதலாவது அரங்கேற்று காதை. 24 விரல் அளவுள்ள கோலால் 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் அளந்து அரங்கு சமைக்கின்றனர். தூண்களின் நிழல் அரங்கில் விழாதவாறு விளக்கு வைக்கின்றனர். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் அமைகின்றன. மேலே ஓவிய விதானம் விளங்குகின்றது. இப்பகுதியைப் பழந்தமிழ்ச் சிற்ப நுட்பம் கூறும் பட்டியலாகக் கொண்டு மாணாக்கர் மனப்பாடம் செய்வர். நூலாசிரியர் நோக்கம் அவ்வளவில் நின்றதன்று. குழலும் யாழும் தண்ணுமையும் முறைப்பட ஒலிப்பதற்கு முன்னரே, இது நாள்தோறும் வாழும் வாழ்க்கையினின்று வேறுபட்ட ஓரிடம் என்பதனைக் காண்போர்க்குக் கண் உணர்த்திவிடுகின்றது. எழினி, பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே நின்று விலகுகின்றது. அது விலகியபின் தோன்றுபவள் சித்திராபதி மகளாகிய தனியொருத்தி அல்லள். பாட்டும் ஆட்டமும் வேண்டும் கோலத்தைப் பூண்டவள். அதனால் அவள் பாடுவதை அவள்தன் உள்ளத்து நிகழ்ச்சியாக எவரும் கொள்வதில்லை.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. அவ்வரங்கின் முன்னே கோவலன் அமர்ந்து கண்டான் என்று நூல் கூறவில்லை. அரசன்பால் மாதவி பெற்ற மாலையை, 1008 கழஞ்சு பொன் விலையாகக் கூனி தெருவில் கொண்டு நிற்க, அதனை வாங்கியே அவன் மாதவி மனை புகுகின்றான். இந்திர விழாவில் அவள் ஆடிய ஆடல்கள் முடிந்தபோதும் அவன் ஊடலோடு இருந்தான் என்று கடலாடு காதை கூறும். ஊர் கண்டு மகிழ்ந்த கலைக்கோலம் அவனுக்கு ஊடலையே விளைத்தது. கலைஞரைக் கலையினின்று வேறுபிரித்துக் காணும் பயிற்சி அவனிடம் உறுதிப்படவில்லை என்பதற்கு இது முற்குறிப்பு.

இரண்டாவது காட்சி கடற்கரையில் நிகழ்கின்றது. தாழை வேலி சூழ்ந்த இடத்தில், புன்னை நிழலில், புதுமணலின்மேல் ஓவிய எழினி வளைத்து, மேலே விதானம் கட்டி, அமளி இடப்பட்டுள்ளது. அரங்கில் நாம் கண்ட எழினியும் விதானமும் இங்கு மீண்டும் வருகின்றன. ஆயினும் அவற்றின் பயன் தலைகீழாயிற்று. அரங்கின் எழினி பாடுவோரையும் கேட்போரையும் பிரித்து நின்றது. கடற்கரை எழினியோ அவ்விருவரையும் ஒருங்கே உள்ளடக்கி உலகத்தினின்று பிரிக்கின்றது. கூத்துக்குரிய திரை இல்லறத்துக்குரிய திரையாய் மாறியது. வசந்தமாலை கையிலிருந்த யாழை வாங்கி, நரம்பின்மேல் மாதவியின் விரல்கள் வண்டினம்போல் படர்வதை அடிகள் முதலில் காட்டுகின்றார். கோவலனுக்கு அவள் இசை தொடங்குவது கண்வழியேதான்.

பின்னர் நிகழ்ந்தது யாவரும் அறிந்ததே. மாதவி மகிழவே கோவலன் காவிரியையும் கானலையும் பாடுகின்றான். அப்பாட்டில் வரும் தலைவன் கோவலனே எனக் கொண்ட மாதவி, உள்ளே புலந்து, வெளியே மகிழ்ந்தவள் போன்று யாழ் வாங்கி, தானும் வேறொரு குறிப்புடையாள் போலப் பாடுகின்றாள். கோவலனோ, அவள் வேறொருவன்மேல் மனம் வைத்தாள் எனக் கொண்டு பிரிகின்றான்.

இதனைக் கோவலனது அறியாமை என்று எளிதிற் கூறிவிடுதல் பொருந்தாது. அகப்பாட்டில் பேசும் தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்படாத பொதுமாந்தர் என்பது தமிழ் மரபு. அம்மரபில் நின்று பாடியவன் அதனை அறியாதவன் ஆகான். மாதவியோ கலை முழுதும் பயின்றவள். அவளே முதலில் அவ்வாறு மயங்கினாள். இருவர்க்கும் ஒரே பிழை நேர்ந்தமையால் அதன் காரணத்தை ஒருவர் குணத்தில் தேடுதல் தகாது. காட்சியின் அமைப்பிலேயே அது தேடற்பாலது. பாடும் முகம் அண்மையில் உள்ளது. பாட்டுக் கூறும் கடலும் கானலும் புன்னையும் கண்முன்னே உள்ளன. பாட்டில் வரும் பொருள் யாவும் மெய்யாகக் காணப்படும்போது, பாட்டில் வரும் காதலையும் மெய்யெனச் செவி ஏற்றுக்கொள்கின்றது. மாதவியின் முகத்து மகிழ்ச்சியோ அவள் உள்ளத்துப் புலவியைக் கோவலனுக்கு மறைத்துவிட்டது.

பிரிவுக்குக் காரணம் ஊழ் என்று அடிகளே கூறியிருக்க இவ்வாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். ஊழ் யாழிசையைச் சார்பாகக் கொண்டு வந்தது என்பதே அடிகள் கூற்று. ஆகவே, அவ்விசை ஊழுக்கு எவ்வாறு கருவியாயிற்று என வினவுதல் நூற்கருத்தோடு முரணாது. கானல்வரிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்காத நிலையில், இவ்வினாவிற்கு விடை காண மூலத்தையே கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது.

எம் கருத்துக்கு ஆய்ச்சியர் குரவையும் சான்றாகும். ஆயர்பாடி மன்றத்தில், கண்ணகி காணுமாறு, எழுவர் மகளிர் வட்டமாக நிற்கின்றனர். அவர்தம் இயற்பெயர் நீங்கக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என நரம்பின் பெயர்கள் இடப்படுகின்றன. குரலாக நின்றவள் மாயவன். இளியாக நின்றவள் பலதேவன். துத்தமாக நின்றவள் பின்னை. எழினியோ விளக்கோ இல்லாத மன்றத்தில் அரங்கின் தொழிலை அந்த வட்டமும் பெயரும் செய்கின்றன. பாடுவோர் யார், பாட்டிற்குரியோர் யார் என்பதில் காண்போர்க்கு மயக்கமில்லை.

எனவே, அரங்கேற்று காதையின் அளவைகளைக் கானல்வரியோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அரங்கு கண்ணை நெறிப்படுத்திச் செவிக்கு உதவியது. அந்நெறி அமையாத கடற்கரையில் அதே மாதவியின் பாட்டு வாக்குமூலமாகக் கேட்கப்பட்டது. வேட்டுவ வரியையும் குன்றக் குரவையையும் இந்நோக்கில் ஆராய்வார்க்கு மேலும் பல உண்மைகள் புலப்படும் என்பது எம் துணிபு.