ஓட்ட வரைபடம் அண்ணாமலையை எப்படித் தப்பாகப் படிக்கிறது? – ஒரு விமர்சனக் குறிப்பு

திருவண்ணாமலைக்கு வரும் ஓட்டக்கார நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மலையைச் சுத்தி நல்ல டிரெயில் இருக்கா?" என்பதுதான். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். போனை எடுத்து, காட்டுக்கு நடுவே ஓடும் சிவப்புக் கோடு ஒன்றைக் காட்டி, "இது எப்படி?" என்பார்கள். அந்தக் கோட்டில் ஒரு சிறு துண்டு நான் போட்டது. அதனால்தான் இந்தக் குறிப்பு.

புத்தகத்துக்கு விமர்சனம் எழுதுவதுபோல வரைபடத்துக்கும் எழுதலாம் என்பது என் கட்சி. வரைபடமும் யாரோ, யாருக்காகவோ, சிலதைச் சேர்த்துச் சிலதை விட்டு எழுதிய பிரதிதான். இங்கே நான் எடுத்துக்கொள்வது, ஓட்டச் செயலிகள் தரும் ஹீட்மேப். ஓடுபவர்களின் ஜிபிஎஸ் பதிவுகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அதிகம் பேர் போன இடத்தைப் பளிச்சென்று காட்டும் படம்.

இதன் குறை உலகத்துக்குத் தெரிந்தது 2018 ஜனவரியில். 2017 நவம்பரில் ஸ்ட்ராவா வெளியிட்ட உலக ஹீட்மேப்பில், பாலைவனத்து இருட்டுக்கு நடுவே சில இடங்கள் மட்டும் மின்னின. அவை ராணுவ முகாம்கள். சிப்பாய்கள் காலையில் ஓடிய தடங்கள்! அப்போது எல்லோரும் பேசியது ரகசியம் வெளியானதைப் பற்றி. எனக்கு இன்று படுவது வேறு. இந்தப் படத்துக்கு 'கால் போன இடம்' மட்டும்தான் தெரியும். 'கால் போகலாமா', 'போனால் தரைக்கு என்ன ஆகும்' என்ற இரண்டும் தெரியாது. ராணுவ முகாமில் முதல் கேள்வி உதைத்தது. மலையில் இரண்டுமே உதைக்கும்.

சரி, நம்ம மலைக்கு வருவோம். சுமார் 814 மீட்டர் உயரம். சுற்றி இரண்டு வட்டங்கள். வெளிவட்டம் எல்லோருக்கும் தெரிந்த 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை: தார் ரோடு, விளக்குகள், அஷ்ட லிங்கங்கள். உள்வட்டம் மலையடிவாரக் காட்டை ஒட்டிப் போகும் மண் தடம். ரமண மகரிஷி 1896இல் இங்கே வந்ததிலிருந்து 1926 வாக்கு வரை கிரிவலம் வந்தார். காட்டுத் தடங்களும் அவருக்கு அத்துப்படி. இன்று உள்வட்டத்துக்கு வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி இல்லாமல் போகக் கூடாது.

இந்தக் காடு தானாக வந்ததில்லை. என் சின்ன வயதில் மலை கிட்டத்தட்ட மொட்டை. பாறையும் ஆளுயரப் புல்லும்தான். வெயில் காலத்தில் ராத்திரி மொட்டைமாடியில் படுத்தால் மலையில் தீ மாலை மாதிரி தெரியும். 1980களின் இறுதியிலிருந்து அண்ணாமலை மறுகாடாக்கச் சங்கம், பிறகு தி ஃபாரஸ்ட் வே என்று பல குழுக்கள், வனத்துறை, உள்ளூர்க் கூலியாட்கள் எல்லோரும் சேர்ந்து வருஷா வருஷம் கன்று வைத்து, தண்ணீர் சுமந்து, கோடைக்கு முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டிக் கொண்டுவந்த பச்சை இது.

இப்போது என் துண்டு. வேலை வீட்டிலிருந்தே என்று ஆனபின் பெங்களூரிலிருந்து ஊருக்கே வந்துவிட்டேன். ஒரு விடியற்காலை உள்வட்டத்தில் ஓடினேன். தடை போர்டு இருந்தது. படித்தேன். படித்துவிட்டும் போனேன். ஒரு இடத்தில் தடம் மலையை அணைத்தபடி சுற்றி வளைந்து இறங்கும். எனக்கு நேரம் முக்கியம். வளைவை வெட்டிச் சரிவில் நேராக இறங்கினேன். வீட்டுக்கு வந்ததும் பதிவைப் பொதுவில் போட்டேன். முப்பது லைக்.

எட்டு மாதம் கழித்து அதே இடத்தை ஆப்பில் பார்த்தால், என் குறுக்குவழி ஒரு 'செக்மென்ட்' ஆகியிருந்தது. என்னையும் சேர்த்து பதினோரு பேர், யார் வேகம் என்று பட்டியல். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு மழைக்குப் பின், கன்று நடும் வேலைக்குப் போகும் பெரியவர் ஒருவர் டீக்கடையில் என் ஷூவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாத்துக்குப்பா குறுக்கால எறங்குறீங்க? தண்ணி அந்த வழியாவே வருது. வெச்ச செடியெல்லாம் வேரோட அடிச்சிக்கினு பூட்ச்சி."

"யாரு எறங்குறாங்க ஐயா?" என்று கேட்டேன். பொய்.

"உன்ன மாதிரி ஷூ போட்டவங்கதான்."

அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். என் குறுக்குவழி 130 மீட்டர் நீளம், 40 மீட்டர் இறக்கம். அதாவது சுமார் 30 சதவீதச் சரிவு. மலைப் பாதை அமைப்பவர்களிடம் 'பாதி விதி' என்று ஒன்று உண்டு: பாதையின் சாய்வு, அது போகும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குள் இருந்தால் மழைநீர் பாதையைக் குறுக்கே கடந்து கீழே போய்விடும். மீறினால் தண்ணீருக்குப் பாதையே வாய்க்கால் ஆகிவிடும். நேர் இறக்கம் என்றால் பாதி என்ன, முழுச் சரிவும் பாதையில்தான். விதிப்படி அந்த 40 மீட்டரை இறங்க சுமார் 260 மீட்டர் வளைந்து போயிருக்க வேண்டும். பழைய தடம் அப்படித்தான் போனது. யாரோ தெரிந்துதான் போட்டிருக்கிறார்கள். நான் மிச்சம் பிடித்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். அந்த வருஷ தீபத்துக்குப் பக்தர்களை மலையேற விடவில்லை. அந்தச் சரிவையும் என் குறுக்குவழியையும் நான் முடிச்சுப் போடவில்லை. அது பெருமழையின் வேலை. ஆனால் அதற்குப் பிறகு, இந்த மலையில் தண்ணீர் எப்படி இறங்குகிறது என்பதை அலட்சியமாகப் பேச இந்த ஊரில் யாராலும் முடியாது. என்னாலும் முடியவில்லை.

ஹீட்மேப்பின் அடிப்படைக் குறை இங்கேதான். அதில் ஒரு சுழல் இருக்கிறது. ஒருவன் போகிறான், கோடு விழுகிறது. கோட்டைப் பார்த்துப் பத்துப் பேர் போகிறார்கள், கோடு தடிக்கிறது. படம் நிலத்தைக் காட்டுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் நிலம் படத்தைப்போல மாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை ஃபீட்பேக் லூப் என்போம். அதை நிறுத்தும் கண்டிஷன் இந்தப் படத்துக்குள் இல்லவே இல்லை.

ஓபன்ஸ்ட்ரீட்மேப் இதில் ஒரு படி மேல். அதன் கொள்கை, தரையில் இருப்பதை எழுது என்பது. ஆனால் பாதையோடு அனுமதி உண்டா இல்லையா என்ற குறிப்பையும் சேர்க்கலாம். சிக்கல் என்னவென்றால், அந்தத் தரவை எடுத்துப் படம் போடும் செயலிகள் எல்லாம் அந்தக் குறிப்பை மதிப்பதில்லை. கோடு வருகிறது, 'கூடாது' வருவதில்லை.

இதோடு கிரிவலம் என்ற பழைய ஏற்பாட்டை ஒப்பிட்டுப் பாருங்கள். பக்தியை ஒரு நிமிஷம் ஒதுக்கிவிட்டு, பாதை வடிவமைப்பாக மட்டும். மலை எப்போதும் வலப்பக்கம், ஆக எல்லோரும் ஒரே திசை. பாதையின் இடப்பக்கமாக நட, உள்பக்கம் சித்தர்களும் தேவர்களும் போகும் வழி என்பார்கள். நடைமுறையில் அதன் பொருள், கூட்டம் மலையிலிருந்து விலகி நடக்கும். நிறைமாதக் கர்ப்பிணியான அரசி நடப்பதுபோல நட என்பார்கள். வேகத்துக்குப் பரிசு இல்லை. லட்சம் பேர் வந்தாலும் கால் படுவது ஒரே கோட்டில்தான். ஹீட்மேப்பில் இல்லாத கண்டிஷன் இதில் எழுதாமலே இருக்கிறது.

கிரிவலப் பாதையிலும் எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ரோட்டை அகலப்படுத்த மரம் வெட்டிய விவகாரம் 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. தார் ரோடு முட்டிக்கும் நல்லதில்லை. காட்டை மொத்தமாகப் பூட்டிவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. காட்டைத் தெரிந்துகொள்ளாத ஊர் எத்தனை நாள் அதைக் காக்கும்? ஆரோவில்லைப் பாருங்கள். அதுவும் மொட்டை மண்ணில் வளர்த்த காடுதான். 2008 முதல் அங்கே மாரத்தான் நடக்கிறது. பாதையை நடத்துபவர்கள் குறிக்கிறார்கள், யார் முதலில் என்ற போட்டி கிடையாது. இங்கும் உள்வட்டத்தில் ஒரு பகுதியை, குறித்த நாளில், குறைந்த பேருக்கு, காடு வளர்த்தவர்களில் ஒருவர் துணையோடு திறக்கலாம். அப்படி ஒரு கோடு வரைபடத்தில் வந்தால் நானே முதல் ஆளாக டிக்கெட் வாங்குவேன்.

அதுவரை? என் பதிவை அழித்துவிட்டேன். செக்மென்ட்டை எடுக்கச் சொல்லிப் புகார் போட்டேன், எடுத்துவிட்டார்கள். பொதுத் தடத்தில் பெயர் தெரிந்த நாலு பேருக்கு எழுதினேன். இருவர் அழித்தார்கள், ஒருவர் திட்டினார், ஒருவர் பதிலே போடவில்லை.

இப்போது பௌர்ணமி இல்லாத நாட்களில் விடியற்காலை நாலரைக்கு வெளிவட்டம். மண் தரை வேண்டுமென்றால் மலைக்குத் தெற்கே சமுத்திரம் ஏரிக்கரை. ஏரிக்கரையில் ஓடும்போதுதான் ஒன்று உறைத்தது. தண்ணீர் மட்டத்துக்கு ஏற்பக் கட்டியதால் கரையும் மட்டமாகவே போகிறது. தண்ணீரைத் தெரிந்தவர்கள் போட்ட வழி. தூரம் கம்மி, ஒரே இடத்தில் போய்த் திரும்ப வேண்டும், வேகப் பட்டியலில் பெயர் வராது.

போன வாரம் அந்த டீக்கடைப் பெரியவரிடம், "அந்தக் குறுக்கு வழி போட்டது நான்தான் ஐயா" என்றேன். டீயை உறிஞ்சிவிட்டு, "தெரியும்பா. ஆடி மாசம் செடி வைக்கிறோம். மண்வெட்டி புடிப்பியா?" என்றார்.

பிடிப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.