சூடேறி நிற்கும் மடிக்கணினி: குற்றம் யாருடையது?

மடிக்கணினியில் விளையாட்டு ஒன்றைத் தொடங்குகிறீர்கள். கால் மணி நேரம் சென்றதும் விசிறி இரைகிறது; படம் தயங்கித் தயங்கி நகர்கிறது; திடீரெனத் திரை இருண்டு கணினி அணைந்துவிடுகிறது. "இவ்வளவு நேரம் விளையாடினால் இப்படித்தான், புதிது வாங்கிவிடுங்கள்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் ஆலோசனை. இந்தத் தீர்ப்பு சரிதானா?

முதலில் வெப்பம் செல்லும் வழியைப் பார்ப்போம். விளையாட்டுக்கென விற்கப்படும் பல மடிக்கணினிகளில் வரைகலைச் சில்லு மட்டுமே 100 வாட் அளவு மின்சாரத்தைச் செலவிடும். ஈயம் பற்றவைக்கும் சாதாரணச் சூட்டுக்கோல் 25 வாட்தான்! சில்லு செலவிடும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகிறது. அது பசை வழியாகச் செப்புத் தகட்டுக்கும், அங்கிருந்து வெப்பக் குழாய்க்கும் செல்கிறது. குழாயினுள் உள்ள சிறிதளவு நீர் சூடான முனையில் ஆவியாகி, மறுமுனையில் குளிர்ந்து திரும்புகிறது. அங்குள்ள மெல்லிய உலோகத் தகடுகளிலிருந்து விசிறியின் காற்று வெப்பத்தை வெளியேற்றுகிறது. இவ்வழியில் எங்கே தடை ஏற்பட்டாலும் சில்லில் சூடு ஏறும். 100° செ. அளவை நெருங்கியதும் பல செயலிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. அப்படியும் சூடு அடங்காவிட்டால் கணினி அணைந்து தன்னைக் காத்துக்கொள்கிறது.

ஆனால் நின்றுபோவதற்கெல்லாம் வெப்பமே காரணம் என்று முடிவுகட்டலாமா? சோதித்துப் பாருங்கள். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, ஒரே விளையாட்டை 20 நிமிடம் ஓட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 70° அளவிலேயே நின்றுபோனால், நினைவகத்தையோ மென்பொருளையோ மின்னிணைப்பையோ சந்தேகியுங்கள். 100° அருகே நின்றால் வெப்பமே காரணமாக இருக்கலாம்.

இனி வைத்தியம். பத்தையும் ஒன்றாகச் செய்யச் சொல்லும் பட்டியல்களால் பயனில்லை. எது குணப்படுத்தியது என்றே தெரியாது. ஒரு சமயம் ஒன்றை மட்டும் மாற்றி, மீண்டும் அளந்து பாருங்கள். மெத்தையிலிருந்து மேசைக்கு மாற்றிப் பின்புறத்தைச் சற்று உயர்த்துங்கள். அடுத்து, கணினியை அணைத்துவிட்டு, விசிறி சுழலாமல் பிடித்துக்கொண்டு தூசியை அகற்றுங்கள். பிறகு, நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கையை விளையாட்டின் அமைப்பில் 60-க்குள் கட்டுப்படுத்துங்கள். உலர்ந்துபோன பசையை மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

தூசி நீக்கியதும் சூடு நன்கு குறைந்தால் குற்றம் தூசியினுடையது. புதிய கணினி, சுத்தமாக இருந்தும் மேசைமேல் வைத்தும் சாதாரண அறையில் அணைந்துபோகிறதென்றால், குற்றம் உங்களுடையதன்று.

2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் சில மடிக்கணினிச் சில்லுகள் வழக்கத்தைவிட மிகுதியாகப் பழுதாவதாக அறிவித்து, அதற்கென 15 முதல் 20 கோடி டாலர் செலவுக் கணக்கு எழுதியது. மூலகாரணம் இன்னும் உறுதியாகவில்லை என்று சொன்ன நிறுவனம், மூன்றைச் சுட்டியது: சில்லிலும் அதன் உறையிலும் பயன்பட்ட பொருள்களின் பலவீனம், கணினியின் வெப்ப வெளியேற்ற அமைப்பு, வாடிக்கையாளர் பயன்படுத்தும் முறை. மூன்றாவதைக் கவனியுங்கள். சூடேறுவதும் ஆறுவதும் கணினியின் அன்றாட வாழ்க்கை. அதைத் தாங்காத பொருளை விற்றுவிட்டு, பயன்படுத்தியவரையும் பட்டியலில் சேர்ப்பது என்ன நியாயம்?

விளம்பரங்களும் இதே பாணியில்தான் நடக்கின்றன. உச்ச வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது எத்தனை நிமிடம் நிலைக்கும், எந்த அறை வெப்பநிலையில் என்பதைப் பொதுவாகச் சொல்வதில்லை. 25° அறையில் 85° காட்டும் சில்லு, அதே சுமையில் 35° அறையில் ஏறக்குறைய 95° காட்டும். உடல் மெலிந்தால் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடம் குறையும் என்பதையும் வாங்குபவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே கடையில், "அரை மணி நேரம் ஓடிய பின் வேகம் எவ்வளவு?" என்று கேளுங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே மேற்சொன்ன சோதனையைச் செய்து, தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். உத்தரவாதக் காலத்தில் பழுதானால், "நீங்கள் அதிகமாக விளையாடினீர்கள்" என்பவர்களுக்குக் காட்ட அந்த எண்கள் உங்கள் கையில் இருக்கும்.